45 நாள் குட்டியை வாங்கலாமா?

நாய்க்குட்டி விற்பவரிடம் வயதைக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "45 நாள் ஆச்சு சார், தாராளமா எடுத்துட்டுப் போகலாம்." அங்கேதான் அவசரப்படக் கூடாது. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான மத்திய அரசின் 2017 விதிகளின்படி, 8 வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. அதாவது 56 நாள். நடுவில் இருக்கும் 11 நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்கிறீர்களா?

குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கடித்து விளையாடும் வயது அது. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது 'கீச்'சென்று கத்திவிட்டு விலகிப் போய்விடும். அத்துமீறினால் தாய் உறுமும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவு இப்படித்தான் படிகிறது. முன்கூட்டியே பிரித்துக் கொண்டுவந்தால், அந்தப் பாடத்தை உங்கள் வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கும்.

"கண்ணு திறந்ததும் தூக்கிட்டு வந்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்பது அடுத்த தவறு. பிறந்து 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். அப்போது தன் உடல் சூட்டைக்கூட அதனால் காத்துக்கொள்ள முடியாது. மனிதர்களோடு பழகும் பருவமோ ஏறக்குறைய 3 வாரம் தொடங்கி 12 வாரம் வரை நீள்கிறது. 8 வாரத்தில் அழைத்து வந்தாலும் உங்களுக்கு ஒரு மாதம் மிச்சம் இருக்கிறது.

சொல்லும் வயதை அப்படியே நம்புவதும் தவறுதான். வாயைத் திறந்து பாருங்கள். பால்பற்கள் மொத்தம் 28. எல்லாம் முளைத்து முடிய ஏறக்குறைய 8 வாரம் ஆகும். கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருக்கும் குட்டியை "ரெண்டு மாசம்" என்றால், கிளம்பிவிடுங்கள். சிவாவா போன்ற மிகச் சின்ன இனங்களுக்கு 10, 12 வாரம் பொறுப்பது நல்லது. ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, நடுங்கிச் சுருண்டுவிடும்.

வந்த அன்றே கிண்ணம் நிறைய பசும்பால் ஊற்றாதீர்கள். பல குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கில் முடியும். அங்கே தின்ற தீனியையே சில நாள் கொடுத்து, மெல்ல மாற்றுங்கள். வயிறு போனால், பாலினாலா, பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாலா என்று வீட்டில் உட்கார்ந்து யூகிக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

அவசரத்துக்கு நேரெதிரான தவறும் உண்டு. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடரும். அதுவரை குட்டியை அறைக்குள்ளேயே பூட்டி வைப்பார்கள். தெருவில் இறக்கிவிடாதீர்கள், சரி. கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கலாமே! ஆட்டோ சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், குக்கர் விசில் எல்லாம் இப்போதே பழகட்டும்.

தெருவோரம் தனியாகக் கிடக்கும் பச்சைக் குட்டியைப் பார்த்தால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். வரவே இல்லையென்றால் முதலில் சூடு, பிறகுதான் நாய்க்குட்டிகளுக்கான பால். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது.