பழைய கணினியில் வீட்டுக்கு ஒரு ஃபயர்வோல் ரவுட்டர்

இணைய நிறுவனம் தரும் ரவுட்டர் இணைப்பைத் தரும், அத்தோடு சரி. பிள்ளையின் டெப்லட் இரவில் எதை இறக்குகிறது, சிசிடிவி கெமரா எங்கே தகவல் அனுப்புகிறது என்று கேட்டால் பெரும்பாலும் அது வாய் திறக்காது. மோசடித் தளங்களை வீடு முழுவதற்கும் தடுக்கவும் அதில் வழி குறைவு. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கணினியும் ஓபிஎன்சென்ஸ் (OPNsense) என்ற இலவச ஃபயர்வோல் மென்பொருளும், அதாவது வீட்டு இணையத்தில் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வடிகட்டும் மென்பொருளும், இருந்தால் இதையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம். ஓபிஎன்சென்ஸ் 2015இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வோல் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மீது ஓடுகிறது.

மென்பொருளைப் பதிவது சுலபம். மட்டக்களப்புப் பக்கம் இந்தப் பெட்டி நிலைத்து வேலை செய்யுமா என்பது கரண்டையும் ஐபி முகவரியையும் (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) பொறுத்தது. அதனால் அந்த இரண்டையும்தான் விரிவாக எழுதுகிறேன்.

எந்தக் கணினி?

64 பிட் ப்ரொசெசர், 4 ஜிபி ரம், சிறிய எஸ்எஸ்டி இருந்தால் வீட்டுக்குப் போதும். லான் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) இரண்டு கட்டாயம் வேண்டும்: ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. பழைய கணினிகளில் ஒன்றுதான் இருக்கும். கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ கணினிக் கடைகளில் பாவித்த இன்டெல் லான் கார்ட் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டியோடு இன்டெல் ஒத்துப்போகிற அளவுக்கு ரியல்டெக் ஒத்துப்போவதில்லை. யூஎஸ்பியில் செருகும் லான் அடப்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரண்ட் பில்லையும் பாருங்கள். 50 வோட் இழுக்கும் டெஸ்க்டொப் இரவும் பகலும் ஓடினால் 30 நாளில் 36 யூனிட். 15 வோட்டில் ஓடும் சின்ன மினி பிசி கிடைத்தால் ஏறக்குறைய 11 யூனிட்தான். கையில் இருப்பது டெஸ்க்டொப்தான் என்றால் அதிலேயே பழகுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கல்லடி, பாசிக்குடா போலக் கடலை ஒட்டிய வீடு என்றால் முதலில் பெட்டியைத் திறந்து தூசு தட்டுங்கள். உப்புக் காற்றில் ரம்மின் கால்கள் கறுத்துப்போகும். அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் போடுங்கள்.

கரண்ட் போய் வந்தால்

மாரி மழைக் காலத்தில் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. போன கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழும்ப வேண்டும். பயோஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) கரண்ட் திரும்பும்போது என்ன செய்வது என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை 'பவர் ஒன்' ஆக்குங்கள். கீபோர்ட் இல்லாவிட்டாலும் நிற்காமல் தொடங்கும்படியும் மாற்றுங்கள்.

இந்த அமைப்புகளைக் காப்பது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பற்றரி. பழைய கணினியில் அது செத்திருந்தால், கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் செய்த மாற்றம் அழிந்து, திரையில் எஃப்1 அழுத்தச் சொல்லிக்கொண்டு நிற்கும். தொடங்கும் முன்பே புதிய பற்றரி போட்டுவிடுங்கள், மலிவானதுதான்.

யூபிஎஸ் இருந்தால் மிக நல்லது. ஆனால் இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியையும் அதே யூபிஎஸ்ஸில் செருகுங்கள். அது அணைந்தால் ஃபயர்வோல் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

பதிதல்

பழைய படங்கள், கோப்புகள் இருந்தால் முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள். டிஸ்க் முழுவதும் அழியும். அதிகாரபூர்வத் தளத்தில் 'விஜிஏ' வகைக் கோப்பை இறக்கி, 7-ஸிப்பால் விரித்து, ரூஃபஸ் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்து கணினியைத் தொடங்கியதும் பயனர் பெயராக 'installer', கடவுச்சொல்லாக 'opnsense' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுங்கள்.

டிஸ்க் வடிவம் கேட்கும்போது ஸெட்எஃப்எஸ் தெரிவு செய்யுங்கள். இருப்பதை அழித்து எழுதாமல் புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே மாறுவதால், திடீரென்று கரண்ட் போனாலும் கோப்புகள் சிதையும் வாய்ப்பு குறைவு. டிஸ்க் ஒன்றுதான் என்றால் 'ஸ்ட்ரைப்'. ரூட் (பெட்டியின் தலைமைப் பயனர்) கடவுச்சொல்லை அங்கேயே மாற்றி, பென் டிரைவைக் கழற்றி மறுதொடக்கம் செய்யுங்கள்.

எது வெளி, எது உள்?

கறுப்புத் திரையில் வரும் பட்டியலில் 1ஐ அழுத்தினால் எந்த போர்ட் வான், எந்த போர்ட் லான் என்று கேட்கும். வான் என்பது நிறுவனத்தின் ரவுட்டர் பக்கம், லான் என்பது வீட்டுப் பக்கம். போர்ட்டின் பெயர் தெரியாவிட்டால் இரண்டு கேபிளையும் கழற்றிவிட்டு 'ஏ' கொடுங்கள். பிறகு கேட்கும் கேபிளைச் செருகினால் அதுவே கண்டுபிடிக்கும்.

அடுத்தது பலர் திணறும் இடம். ஓபிஎன்சென்ஸின் லான் முகவரி 192.168.1.1. நிறுவனத்தின் ரவுட்டரும் பல வீடுகளில் அதே முகவரியில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வரிசை என்றால் எந்தத் தகவல் பொட்டலத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று பெட்டிக்குத் தெரியாது, இணையம் வராது. 2ஐ அழுத்தி லானை 192.168.10.1 ஆக்குங்கள், வலையமைப்பின் அளவு கேட்டால் 24. டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதி) வேண்டுமா என்றால் ஆம் சொல்லி, 192.168.10.100 முதல் 192.168.10.200 வரை கொடுங்கள்.

இப்போது லான் கேபிளை ஒரு லெப்டொப்பில் செருகி, பிரவுசரில் 192.168.10.1 போடுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வரும். அது உங்கள் பெட்டியே தனக்குத் தந்த சான்றிதழ் என்பதால்தான். தாண்டிச் செல்லலாம்.

வாவித் தண்ணீர் முகத்துவாரத்தால் போவதுபோல, இனி வீட்டின் போக்குவரத்து எல்லாம் இந்த ஒரு வாசலால்தான். உள்ளிருந்து கேட்டதற்கான பதில் மட்டும் திரும்பி வரும், வெளியிலிருந்து தானாக வருவது நிற்கும். இது ஆரம்பத்திலேயே அப்படித்தான் அமைந்திருக்கிறது, விதி எதுவும் எழுதத் தேவையில்லை. வான் பக்கம் எல்லாவற்றையும் திறந்துவிடும் விதியை மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள்.

வைஃபை

இந்தப் பெட்டியில் வைஃபை கார்ட் போட்டு மெனக்கெட வேண்டாம். பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றில் டிஎச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.10.2 ஆக்கி, அதன் லான் போர்ட்டில் பெட்டியின் லான் கேபிளைச் செருகுங்கள். நிறுவனத்தின் ரவுட்டரில் உள்ள வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன்கள் ஃபயர்வோலைச் சுற்றிக்கொண்டு வெளியே போகும்.

தடுப்புப் பட்டியல்

மோசடித் தளங்களை வீடு முழுவதற்கும் தடுப்பது இங்கேதான். பிரவுசரில் திறந்த பக்கத்தில் சர்வீசஸ் பகுதிக்குள் அன்பௌண்ட் டிஎன்எஸ் (டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை), அதற்குள் ப்ளொக்லிஸ்ட். ஒரு பட்டியலோடு தொடங்குங்கள். நான்கைந்தை ஒன்றாகப் போட்டால் வங்கிச் செயலி திறக்காதபோது எதனால் என்று தேடவே நாள் போய்விடும். போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' போட்டிருந்தால் அது பெட்டியைக் கேட்காமல் வெளியே கேட்கும், தடுப்பு வேலை செய்யாது, அதையும் பாருங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சிஸ்டம், கொன்ஃபிகுரேஷன், பெக்அப்ஸ் என்று போய் அமைப்புக் கோப்பை இறக்கி, ஒரு பிரதியைப் பென் டிரைவில் வையுங்கள். டிஸ்க் செத்தாலும் வேறு கணினியில் மென்பொருளைப் பதிந்து அந்தக் கோப்பை ஏற்றலாம். போர்ட்டின் பெயர் மாறியிருந்தால் வான், லானை மட்டும் திரும்பக் காட்டிவிட்டால் சரி.