விகிதமுறு பிறப்பிக்கும் சார்பு தேடும்போது எங்கே சறுக்குகிறது?

ஓர் எண் தொடரின் உறுப்புகளை 1, x, x², … ஆகியவற்றின் கெழுக்களாக வைத்துக் கூட்டினால் கிடைப்பது அதன் பிறப்பிக்கும் சார்பு; தொகுதியும் பகுதியும் பல்லுறுப்புக்கோவைகளான பின்னமாக அதை எழுத முடிந்தால் அது விகிதமுறு. கையில் உள்ள நான்கைந்து எண்களுக்கு ஒரு மீள்தொடர்பு (முந்தைய உறுப்புகளிலிருந்து அடுத்ததைத் தரும் விதி) பொருந்தியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. 1, 1, 2, 5 என்று எண்ணிக்கை வருகிறது. முந்தைய உறுப்பின் மும்மடங்கிலிருந்து அதற்கும் முந்தையதைக் கழித்தால் அடுத்தது வருகிறது, சார்பு (1−2x)/(1−3x+x²). அதன்படி அடுத்து வர வேண்டியது 13. எண்ணியது கேட்டலன் எண்களை (அடைப்புக்குறி இணைகளைச் சரியாக அடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை) என்றால் வருவது 14. முந்தைய இரண்டு உறுப்புகளைக் கொள்ளும் இரண்டாம் வரிசை மீள்தொடர்பில் கெழுக்கள் இரண்டு, தொடக்க மதிப்புகள் இரண்டு, ஆக நான்கு தெரியாதவை. நான்கு எண்களுக்கு அது பொருந்தியதில் வியப்பே இல்லை. ஐந்தாவது எண்ணிலிருந்துதான் சோதனையே தொடங்குகிறது.

சோதனையில் தேறினாலும் அது நிரூபணம் ஆகாது. வட்டத்தின் மேலுள்ள புள்ளிகளை, மூன்று நாண்கள் உள்ளே ஒரே இடத்தில் வெட்டாதபடி இணைத்தால் கிடைக்கும் துண்டுகள் 1, 2, 4, 8, 16. ஐந்துக்கும் 1/(1−2x) சரியாக இருக்கும். ஆறாவது 31! உண்மையான சார்பின் பகுதி (1−x)⁵.

தேடுமுன் வளர்ச்சி வேகத்தைப் பாருங்கள். விகிதமுறு சார்பின் கெழுக்கள் பல்லுறுப்புக்கோவையால் பெருக்கிய அடுக்குகளின் கூட்டல்தான். கேட்டலன் எண்களோ 4ⁿ-ஐ n-இன் 3/2 அடுக்கால் வகுத்த வேகத்தில் வளர்பவை. பின்ன அடுக்கு தலைகாட்டினால், எந்த வரிசை மீள்தொடர்பு வரை தேடினாலும் பயனில்லை.

அமைப்பிலிருந்து நேராக வருவிப்பதே நம்பகமான வழி. அதிலும் ஒரு பொறி உண்டு. 3×2n பலகையை டோமினோக்களால் (1×2 கட்டைகளால்) நிரப்பும் வழிகளை எண்ணுவோம். 3×2 கட்டத்துக்கு 3 வழிகள். உடனே 3ⁿ என்று எழுதிவிடுகிறார்கள். 3×4 பலகைக்கு 9 வர வேண்டும், வருவது 11. நடுக்கோட்டைத் தாண்டிப் படுத்திருக்கும் டோமினோவால் அங்கே வெட்ட முடியாத நிரப்பல்கள் 2 விடுபட்டன. 3×6, 3×8 என ஒவ்வொரு நீளத்துக்கும் இப்படிப் பிரிக்க முடியாதவை இரண்டிரண்டு உண்டு. இரண்டு நெடுவரிசைகளுக்கு ஒரு x என்று வைத்தால், பிரிக்க முடியாத துண்டுகளின் சார்பு 3x + 2x²/(1−x). அதை 1-லிருந்து கழித்துத் தலைகீழாக்கினால் (1−x)/(1−4x+x²), அதாவது 1, 3, 11, 41, 153. ஒரு நெடுவரிசைக்கு ஒரு x என்று எண்ணுபவர்கள் எல்லா x-ஐயும் x² ஆக்க வேண்டும்.

தொகுதியில் நேரும் பிழைகள் சிறியவை, ஆனால் ஓயாமல் நேர்பவை. ஓர் எண்ணை மிகை முழு எண்களின் வரிசைப்பட்ட கூட்டலாக எழுதும் வழிகள் 1, 1, 2, 4, 8. இரட்டிப்பு விதி n=2-லிருந்துதான் செல்லும். அதை மறந்தால் (1−x)/(1−2x) என்பது 1/(1−2x) ஆகிவிடும். பகுதியைத் தொடரால் பெருக்கிப் பாருங்கள்: (1−2x)(1+x+2x²+4x³+…) = 1−x. எஞ்சுவதுதான் தொகுதி; அது ஓர் இடத்தில் நிற்காமல் நீண்டுகொண்டே போனால் பிழை பகுதியில் இருக்கிறது.