தூரத்தை அளக்குமுன்: ஆய்வுக் கூட்டுறவுத் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் குழுவுக்குப் பயிற்சிக்காக இரண்டு மூன்று பிள்ளைகள் வருவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். நான் அரை நாள் திணறி எழுதும் நிரலை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார்கள். ஆனால் மூன்றாவது வாரம் திரையைத் திருப்பிக் காட்டும்போது பார்த்தால், பல வருடங்களுக்கு முன்பு நான் விழுந்த அதே பள்ளத்தில் விழுந்து கிடப்பார்கள். இந்த ஆண்டும் அதே கதை. சரி, ஒரு தடவை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். இரண்டு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் ஒரு கட்டுரையைச் சேர்ந்து எழுதினால், அந்த இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று கணக்கு. கட்டுரையில் முகவரி இருக்கும். முகவரி இருந்தால் தூரம் கிடைக்கும். இருபது, முப்பது வருடக் கட்டுரைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு, தூரம் கூடக்கூட உறவு எவ்வளவு குறைகிறது, அந்தக் குறைவு காலப்போக்கில் மாறுகிறதா என்று பார்ப்போம். 1994இல் கட்ஸ் என்பவர் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா மூன்றிலும் பல்கலைக்கழகங்களை இப்படி அளந்து, தூரம் கூடினால் கூட்டுக் கட்டுரைகள் மளமளவென்று குறைவதைக் காட்டினார். அப்புறம் இணையம் பரவியது. தூரம் சாகவில்லை. ஹூக்மன், ஃப்ரெங்கன், தைஸ்ஸன் மூவரும் 33 ஐரோப்பிய நாடுகளின் 2000 முதல் 2007 வரையிலான கட்டுரைகளைப் பார்த்தபோது, நாட்டு எல்லைகளின் பிடி தளர்ந்திருந்தது. பக்கத்தில் இருப்பவரோடு சேரும் பழக்கம் மட்டும் குறையவே இல்லை.

எழுத்துப்பிழை, ஒரே கட்டுரையை இரண்டு முறை எண்ணுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே கண்ணில் படும்.

என்டியு என்றால் எந்த என்டியு?

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா, தைவான் தேசியப் பல்கலைக்கழகமா, இங்கிலாந்தின் நாட்டிங்ஹம் டிரென்ட்டா? நாட்டின் பெயரைப் பார்க்காமல் சுருக்கப் பெயரை மட்டும் வைத்து ஒன்றாக்கினால் ஜூரோங் வெஸ்டில் இருக்கும் நன்யாங் தைப்பேக்குப் போய்விடும்.

எக்செல்

அஞ்சல் குறியீட்டை எண்ணாகத் திறக்காதீர்கள், எழுத்தாகத் திறங்கள். இல்லையென்றால் 0511 என்பது 511 ஆகிவிடும்.

இன்றைய முகவரியை அன்றைய கட்டுரைக்கு ஒட்டுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் சூடேறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இங்கே ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, பெரும்பாலும் கட்டடத்துக்கு ஒன்று. ஆகவே குறியீடு கையில் இருந்தால் பேட்டையும் தெருவும் மட்டுமல்ல, கட்டடமே கிடைத்துவிடும். இந்த வசதிதான் என்னைக் கவிழ்த்தது.

உள்ளூர் ஆய்வு நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் 1990 முதல் எப்படிச் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன என்று ஓர் அமைப்பு கேட்டிருந்தது. நான் நிறுவனங்களின் பட்டியலைப் போட்டேன். ஒவ்வொன்றின் இணையப் பக்கத்துக்கும் போய்க் குறியீட்டை எடுத்தேன். நிறுவனத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு குறியீடு. அதையே எல்லா வருடங்களுக்கும் ஒட்டினேன். அவ்வளவு சுத்தமான அட்டவணையை நான் அதற்கு முன் செய்ததே இல்லை. நாலு மாத வேலை. முடிவில், 2 கிலோமீட்டரில் இருப்பவர்களும் சரி, அடுத்த வாசலில் இருப்பவர்களும் சரி, ஒரே அளவுக்குத்தான் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று வந்தது. “சிறிய தீவில் தூரத்துக்கு வேலை இல்லை” என்று ஒரு ஸ்லைடு போட்டேன். எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. எனக்கும்தான்.

ஒரு நாள் உணவங்காடியில், பல வருடங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அக்காவைப் பார்த்தேன். தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தார். பெருமையாக என் முடிவைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். “தம்பி, நாங்க எல்லாரும் அப்ப ஒரே மேட்டுலதானே இருந்தோம். எங்க சென்ட்ரிஃபியூஜ் கெட்டுப்போச்சுன்னா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்து போவேன். அப்படிப் போய்ப் பழகுனவங்கதான் அப்புறம் கூட எழுதுனவங்க. பயோபோலிஸ் எல்லாம் பிறகு வந்தது.”

தே தாரிக் ஆறிப்போனது. அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ப் பழைய கட்டுரைகளின் முதல் பக்கத்தைத் திறந்தேன். ஐஎம்சிபி என்கிற மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்துக் கட்டுரைகளில் பல்கலைக்கழகத்தின் பொது முகவரியான 10 கெண்ட் ரிட்ஜ் கிரெசென்ட், சிங்கப்பூர் 0511. (1995இல்தான் ஆறு இலக்கம் வந்தது.) அதன் பிறகு 30 மெடிக்கல் டிரைவ், 117609. 2003இல் புவன விஸ்தா பக்கம், ஒன் நார்த்தில் பயோபோலிஸ் என்ற ஆய்வு வளாகம் திறந்த பிறகு 61 பயோபோலிஸ் டிரைவ், புரோட்டியோஸ், 138673. ஒரே நிறுவனம், மூன்று வரி. என் அட்டவணையில் கடைசி வரி மட்டும்தான் இருந்தது.

விளைவைப் பாருங்கள். கெண்ட் ரிட்ஜ் மேட்டில் அக்கம்பக்கமாக இருந்தபோது உண்டான உறவுகளையெல்லாம், இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி புவன விஸ்தாவில் இருப்பவர்களோடு உண்டான உறவுகளாக நான் எழுதிவைத்திருந்தேன். தூரம் பொருட்டே இல்லை என்று வராமல் வேறென்ன வரும்?

இரண்டு மூன்று கிலோமீட்டரெல்லாம் ஒரு தூரமா என்று பயிற்சிப் பிள்ளைகள் கேட்பார்கள். எம்ஐடியின் தாமஸ் ஆலன் பொறியாளர்கள் ஒருவரோடு ஒருவர் எவ்வளவு அடிக்கடி பேசுகிறார்கள் என்று அளந்து 1977இல் வெளியிட்டார். மேசைகளுக்கு இடையே ஏறக்குறைய 50 மீட்டரைத் தாண்டினாலே பேச்சு அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஐம்பது மீட்டர்! நம் புளோக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக்கூட வராது.

இன்னொன்றும் உண்டு. கட்டடம் மாறியதும் உறவு உடனே அறுந்துவிடாது. பழகிய இடத்தில் பிறந்த உறவு, ஆள் இடம் மாறிய பிறகும் வருடக்கணக்கில் கட்டுரை போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு தூரம் வேண்டும்: முதன்முதலில் சேர்ந்தபோது இருந்த தூரம், இந்த வருடத் தூரம். என் அனுபவத்தில் முதல் தூரம்தான் அதிகம் பேசும். அந்த அமைப்புக்கு இரண்டாம் தடவை கணக்குப் போட்டபோது தூரத்தின் விளைவு பளிச்சென்று தெரிந்தது. திருத்தத்தையும் அனுப்பினேன். ஆனால் ஸ்லைடு ஒரு தடவை வெளியே போனால் போனதுதான். அந்த வரியை யாரோ ஒருவர் இன்னமும் கூட்டங்களில் சொல்கிறார், என் முகத்துக்கு நேராகவே.

செய்ய வேண்டியது இதுதான். நிறுவனத்துக்கு ஒரு வரி என்பதை விட்டுவிட்டு, நிறுவனம், கட்டடம், வந்த வருடம், போன வருடம் என்று அட்டவணை போடுங்கள். இணையப் பக்கத்தை நம்பாதீர்கள். கட்டுரையிலேயே இருக்கும் முகவரி வரியை நம்புங்கள். சந்தேகம் வந்தால் பழைய ஆண்டறிக்கைகள் உண்டு, தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு உண்டு. எஸ்யுடிடி என்கிற சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் 2015இல் சாங்கிக்குப் போகும் வரை டோவரில் இருந்தது. அந்த ஒரு நகர்வில் தீவின் மேற்கிலிருந்து கிழக்குக்கே போய்விட்டது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் பெயரில் என்யுஎஸ், அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், இருந்தாலும், இருப்பது ஊட்ரமில், பொது மருத்துவமனை வளாகத்தில். தாய் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து அதைக் கெண்ட் ரிட்ஜில் வைக்காதீர்கள்.

இதில் எனக்கு ரொம்ப வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் அழித்த அந்த இடமாற்றங்கள்தாம் உண்மையில் கிடைப்பதற்கரிய ஆதாரம். பக்கத்தில் இருப்பதால் சேர்கிறார்களா, சேர விரும்புவதால் பக்கத்தில் வருகிறார்களா என்பது இந்தத் துறையின் பழைய தலைவலி. கிறிஸ்டியன் கட்டாலினி என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டார். பாரிஸின் ஜூசியூ வளாகத்தில் ஆஸ்பெஸ்டாஸை அகற்றுவதற்காக ஆய்வுக்கூடங்களை வருடக்கணக்கில் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் என்பது ஆய்வாளர்களின் விருப்பப்படி அமையவில்லை. அப்படித் தற்செயலாக அண்டை வீட்டாரானவர்கள் சேர்ந்து எழுதுவது கூடியதை அவர் 2018இல் காட்டினார். அதே மாதிரி ஒரு புதையல் என் கையில் இருந்தது. நான் அதைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டேன்.

சேராதவர்களை எண்ணாமல் விடுவது

கட்டுரைகளிலிருந்து தரவை எடுத்தால் சேர்ந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு, தூரம் யாரையும் தடுக்கவில்லை என்று சொல்வது போன்றது இது. 60 நிறுவனங்கள் என்றால் 1,770 ஜோடிகள். 25 வருடத்துக்கு 44,250 கட்டங்கள். பெரும்பாலானவற்றில் பூஜ்யம்தான் இருக்கும், அவையும் அட்டவணையில் இருந்தாக வேண்டும். பூஜ்யத்துக்கு லாக் இல்லையே என்று எல்லாவற்றோடும் 1 கூட்டுவார்கள். வேண்டாம். வணிகத் தரவில் இதே சிக்கலுக்குச் சான்டோஸ் சில்வாவும் டென்ரேரோவும் 2006லேயே, பூஜ்யத்தை அப்படியே வைத்துக் கணக்கிடும் பாய்சோன் முறையைச் சொல்லிவிட்டார்கள்.

ஐயாயிரம் பேர் எழுதிய கட்டுரை

ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வந்த கட்டுரையில் 5,154 பெயர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் ஆசிரியர், நிறுவனப் பட்டியல். இதை அப்படியே எண்ணினால் உலகத்தில் எல்லாரும் எல்லாரோடும் கூட்டாளிகள் ஆகிவிடுவார்கள். இப்படிப்பட்ட கட்டுரைகள் வருடத்துக்கு வருடம் கூடும்போது, வரைபடத்தில் தூரம் தேய்ந்துகொண்டே வருவது போலத் தெரியும். தேய்வது தூரமல்ல, உங்கள் எண்ணும் முறை. ஒரு கட்டுரைக்கு மொத்தம் ஒரு மதிப்பெண் என்று வைத்துப் பங்கிடுங்கள். அல்லது இவற்றைத் தனியாக ஒதுக்குங்கள்.

வெளிவந்த வருடம்

எழுதியவர்கள் சந்தித்த வருடம் அல்ல.

கிலோமீட்டரை மட்டும் தூரம் என்பது

உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குக் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் மானியம் வேறு அரசாங்கத்துடையது, விதிகள் வேறு, ஒரு கருவியைக் கொண்டுபோவதற்குக்கூடச் சுங்கத்தில் காகிதம் வேண்டும். பிள்ளைகள் வரைபடத்தை மட்டும் பார்த்து ஜோகூரை நன்யாங்குக்கு அடுத்த வீடாக வைத்துவிடுகிறார்கள். ரோன் போஷ்மா 2005லேயே நெருக்கத்தை ஐந்தாகப் பிரித்துச் சொன்னார்: அறிவு, அமைப்பு, சமூகம், விதிமுறை, புவியியல். ஐந்தையும் அளக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே நாடா, ஒரே மானியமா, முன்பே சேர்ந்து எழுதியவர்களா என்ற மூன்றையாவது சேருங்கள். நேர வித்தியாசத்தையும் சேர்த்தால் நல்லது. பாஸ்டனோடு பேச ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். சூரிக்கோடு பேச நம் மாலை போதும்.

போன வாரம் ஒரு பிள்ளை வந்து நின்றது. “அண்ணே, பாஸ்டனுக்கும் சூரிக்குக்கும் பூஜ்யம் கிலோமீட்டர்னு வருது, நிரல்ல ஏதோ தப்பு.” பார்த்தேன். பாஸ்டன் பக்கத்து எம்ஐடி இங்கே 2007இல் தொடங்கிய ஸ்மார்ட் ஆய்வு மையம் ஒரு பக்கம், சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய மையம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் 1 கிரியேட் வே, 138602. ஒரே கட்டடம், ஒரே லிஃப்ட். நிரலில் தப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, தாய் நிறுவனத்துக்கு ஒரு வரி, இங்குள்ள மையத்துக்கு ஒரு வரி என்று பிரிக்கச் சொன்னேன். “எந்த வருடத்திலிருந்துண்ணே?” என்று கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டதற்கே அன்றைக்குச் சாப்பாடு என் செலவு.