வியாபாரம் நன்றாக ஓடிய நாளை எழுதி வையுங்கள்

கடையில் எது ஓடவில்லை என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறோம், ஓடுவது ஏன் ஓடுகிறது என்று பார்ப்பதே இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு போடுங்கள். நல்ல வியாபாரம் நடந்த அன்று, ஷட்டரை இறக்குவதற்கு முன்னால், என்ன விற்றது, யார் வாங்கினார்கள், வழக்கத்துக்கு மாறாக நாம் என்ன செய்தோம் (முறுக்கு டப்பாவை முன்னால் நகர்த்தி வைத்தது உட்பட) என்று நாலு வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்து, திரும்பத் திரும்ப வருவதை வேண்டுமென்றே மறுபடி செய்யுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், இல்லாவிட்டால் எது கைகொடுத்தது என்றே தெரியாது. சம்பள வாரம், பண்டிகைக் கூட்டத்தைத் தனியாகக் குறித்துவிடுங்கள், அது எப்படியும் வரும்.

மெக்டொனால்டு சகோதரர்கள், விற்பதில் பெரும்பகுதி ஹாம்பர்கர்தான் என்று தெரிந்ததும், கலிபோர்னியாவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையையே மூடி, 1948-இல் வெறும் 9 அயிட்டங்களோடு திறந்தார்கள். துணிச்சல்தான்!

அப்புறம், அதிகம் விற்பதெல்லாம் அதிக லாபம் தராது. அதே வரியில் கொள்முதல் விலையையும் எழுதிவிடுங்கள்.