மாம்பழத் தயிர் பேக்: நுங்கை ஓவனுக்குள் தள்ளாதீர்கள்

வங்காளத்தில் பாப்பா தோய் என்றொரு இனிப்பு உண்டு. கெட்டித் தயிரையும் கண்டென்ஸ்டு மில்க்கையும் கலந்து ஆவியில் வேகவைப்பார்கள். முட்டை கிடையாது, மைதா கிடையாது. அதிலேயே மாம்பழக் கூழைச் சேர்த்து ஓவனில் வைத்து, குளிரவிட்டுச் சாப்பிட்டால் சித்திரை வெயிலுக்கு அருமையாக இருக்கும். நான் முதல் தடவை செய்தபோது, எல்லாம் குளிர்ச்சிதானே என்று நுங்கு, சப்ஜா விதை இரண்டையும் கலவையிலேயே போட்டுவிட்டேன். வெளியே வந்தது மஞ்சள் மோர்க்குழம்பு.

ஓவனின் வேலை தயிரை உறையவைப்பது மட்டும்தான். நுங்கில் பெரும்பகுதி தண்ணீர்தான். சூடு பட்டால் அது தயிரில் இறங்கிவிடும். ஊறவைத்த சப்ஜாவும் அப்படித்தான், தண்ணீரைச் சுமந்துகொண்டு உள்ளே போகிறது. இவை பரிமாறும்போது மேலே போட வேண்டியவை. நன்னாரி சர்பத்தும் மேலே ஊற்றத்தான். தர்பூசணியை பேக் செய்ய நினைக்கவே வேண்டாம்.

அடுத்த தவறு தயிரில். கடைத் தயிரோ வீட்டுத் தயிரோ, அப்படியே ஊற்றினால் இனிப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். மெல்லிய துணியில் கட்டி, மூன்று நான்கு மணி நேரம் வடிய விடவேண்டும். அதைக் குழாயில் தொங்கவிடுவது நம் வழக்கம்; ஆனால் இந்த வெயிலில் வடிவதற்குள் புளித்துவிடும். வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் கொடுத்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். வடிந்த தண்ணீர் சப்பாத்தி மாவு பிசைய உதவும்.

மாம்பழத்தில் நார் இல்லாத பங்கனபள்ளியோ இமாம் பசந்தோ நல்லது. துண்டாகப் போடாமல் கூழாக்கி, ஐந்தாறு நிமிடம் சின்னத் தீயில் சுண்டவைத்து, நன்றாக ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். மாம்பழத்துக்குப் பதில் பச்சை அன்னாசியைப் போடுவது பலர் செய்யும் தவறு. அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். அன்னாசிதான் வேண்டுமென்றால் முதலில் வேகவைத்துவிடுங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

சத்தான இனிப்பு என்று சொல்லிக்கொண்டே ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க்கையும் கவிழ்ப்பது இன்னொரு வேடிக்கை. அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஒரு கப் வடித்த தயிருக்கும் அரை கப் மாம்பழக் கூழுக்கும் கால் கப்பில் ஆரம்பித்து, ருசி பார்த்துக் கூட்டுங்கள். மிக்ஸியில் அடிக்கவும் வேண்டாம். காற்றுக் குமிழ் புகுந்து மேல்புறம் ஓட்டை ஓட்டையாகும். கரண்டியால் கலக்கினால் போதும்.

சரி, ஓவன். கேக் பழக்கத்தில் 180 டிகிரி வைத்தால் தயிர் திரிந்துவிடும். 150 டிகிரி போதும். சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, ஆழமான தட்டில் அடுக்கி, கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி வையுங்கள். தண்ணீர் சுற்றி இருந்தால் ஓரம் மட்டும் முந்திக்கொண்டு வேகாது. மைக்ரோவேவில் செய்கிறவர்கள் கன்வெக்‌ஷன் முறையில்தான் செய்ய வேண்டும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். குச்சி குத்திப் பார்த்துச் சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் அது கேக்குக்குச் சரி, இதற்குக் காலம் கடந்த செய்தி. இருபது நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். கிண்ணத்தை லேசாக ஆட்டினால் ஓரம் உறைந்து, நடுவில் மட்டும் தளதளவென்று ஆடினால் எடுத்துவிடலாம். மீதி, ஆறும்போது உறையும். சூடாக இருக்கும்போதே மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூடியில் கோத்த ஆவி சொட்டுச் சொட்டாக மேலே விழும். முழுக்க ஆறிய பிறகு நான்கு மணி நேரம் குளிரட்டும்.

தயிர் என்பதால் நல்ல பாக்டீரியா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஓவன் சூட்டில் அவை தப்புவதில்லை. வேண்டுமானால் மேலே ஒரு கரண்டி புதுத் தயிர் போட்டுக்கொள்ளலாம். தயிரும் மாம்பழமும் சூடு என்பார் எங்கள் அப்பத்தா; அவருக்காகவே நான் நுங்கைத் தாராளமாகப் போடுவேன். தோலுரித்த நுங்கு, பதினைந்து நிமிடம் ஊறிய சப்ஜா, ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள். கிண்ணம் மேசைக்கு வந்த பிறகு போடுங்கள். முன்கூட்டியே போட்டுவைத்தால் மறுபடியும் அதே மோர்க்குழம்புதான்.