எந்த டார்பர்ட்? ஸ்காட்லாந்தின் கிராமங்களுக்கு வேலைக்கு வருபவர்களுக்கு

கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ குடியேறப் போகிறவர்களுக்கு வழிகாட்ட ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதியோர் இல்லத்திலோ ஹோட்டலிலோ மீன் பண்ணையிலோ வேலை கிடைத்து, பெயரைக்கூட முன்பு கேட்டிராத ஒரு கிராமத்துக்கு நேராக வந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மின்விசாக் கணக்கைச் சரிபார்ப்பது, தேசியக் காப்பீட்டு எண் வாங்குவது, வங்கிக் கணக்குத் திறப்பது, ஊர் மருத்துவரிடம் பதிவு செய்வது ஆகியவற்றுக்கெல்லாம் வேலை தரும் இடத்தாரே உதவுவார்கள். மருந்துச் சீட்டுக்கு ஸ்காட்லாந்தில் 2011 முதல் கட்டணம் கிடையாது. குழாய்த் தண்ணீருக்கான கட்டணம் பெரும்பாலும் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வரி ரசீதிலேயே சேர்ந்து வரும். இவற்றில் எதிலும் நான் சிரமப்படவில்லை. ஊரின் பெயர்தான் என் பணத்தையும் முதல் நாள் வேலையையும் கொண்டுபோனது.

2022 நவம்பரில் நான் வேலைக்குச் சேர வேண்டிய ஊர் டார்பர்ட். சென்னையில் இருந்த முகவர் அனுப்பிய கடிதத்தில் அது டார்பெட் என்று இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதுவும் கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்கும் எழுத்து. அஞ்சல் குறியீடு கடிதத்தில் இல்லை. கிளாஸ்கோ பேருந்து நிலையத்தில் காம்பெல்டவுன் வண்டியில் ஏறி, கடிதத்தில் இருந்தபடியே பயணச்சீட்டு வாங்கினேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் ஓட்டுநர் டார்பெட் என்று அறிவித்தார். இரண்டு பெட்டிகளோடு இறங்கிவிட்டேன்.

வண்டி போன பிறகுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது. அறை தருவதாகச் சொன்ன அம்மையார், வாசலில் நின்றால் மீன்பிடிப் படகுகள் தெரியும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். எதிரே பெரிய நீர்ப்பரப்பு கிடந்தது. ஆனால் உப்பு வாடை இல்லை. நான் நாகப்பட்டினத்துக்காரி, கண்ணைக் கட்டிவிட்டாலும் கடல் எது, ஏரி எது என்று எனக்குத் தெரியும். கரைக்கு இறங்கி, கையால் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். அது லோக் லோமண்ட் ஏரி. (ஏரியையும் கடற்கழியையும் இங்கே லோக் என்றே சொல்வார்கள்.) நான் போக வேண்டிய டார்பர்ட் லோக் ஃபைன் என்ற கடற்கழியின் கரையில், அதே சாலையில் இன்னும் ஏறக்குறைய 60 மைல் தள்ளி இருந்தது. மணி நாலரை, முழு இருட்டு, மழை. வாடகைக் காருக்கு 190 பவுண்டு கொடுத்தேன். நள்ளிரவுக்குச் சற்று முன்பு போய்ச் சேர்ந்தபோது அறை இன்னொருவருக்குப் போயிருந்தது. மறுநாள் காலை வேலைக்கு என்னால் எழுந்து போக முடியவில்லை.

இதில் என்னை அதிகம் வருத்துவது, எழுத்தை விட்ட முகவர் பின்னர் ஒரு வார்த்தை வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை என்பதுதான். நம் ஊரில் ஒருவர் புதூர் என்று சொன்னால், 'எந்தப் புதூர்?' என்று கேட்காமல் யாரும் வண்டி ஏற மாட்டார்கள். அந்தக் கேள்வியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் வரைபடமே வேறு மாதிரித் தெரியும். டார்பர்ட், டார்பெட் இரண்டும் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் உள்ள ஒரே சொல்லின் திரிபுகள். இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடையே, படகைத் தரையில் இழுத்துக் கடத்தக்கூடிய ஒடுக்கமான நிலம் என்பது அதன் பொருள். 1263-இல் நார்வே அரசன் ஹாகோனின் ஆட்கள் லோக் லாங் என்ற கடற்கழியிலிருந்து தங்கள் படகுகளை இழுத்துக்கொண்டு லோக் லோமண்டுக்குள் இறங்கினார்கள். அவர்கள் கடந்த நிலம்தான் நான் தவறாக இறங்கிய டார்பெட். அப்படிப்பட்ட நிலம் இருக்கும் இடமெல்லாம் அந்தப் பெயர் வந்திருக்கிறது. ஹாரிஸ் தீவில் ஒரு டார்பர்ட் இருக்கிறது, ஜூரா தீவில் ஒன்று இருக்கிறது. வடகிழக்கில் டார்பட் என்றொரு பழைய பாரிஷும் (ஊராட்சி போன்ற சிறு நிர்வாகப் பிரிவு) உண்டு.

மாவட்டப் பெயரைச் சேர்த்துக் கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நான் சொன்ன இரண்டு ஊர்களும் இன்று ஆர்கைல் அண்ட் பியூட் என்ற ஒரே கவுன்சிலின் கீழ்தான் இருக்கின்றன. அஞ்சல் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள்: லோக் லோமண்ட் கரையில் இருப்பது ஜி83, லோக் ஃபைன் கரையில் இருப்பது பிஏ29, ஹாரிஸில் இருப்பது எச்எஸ்3. முதல் எழுத்து 'ஜி' என்பதால் கிளாஸ்கோவுக்குள் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். குறியீடு வாங்கிய பிறகும், 'ஊர் எந்தத் தண்ணீரின் கரையில் இருக்கிறது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். கிராமத்து மக்கள் அதற்கு உடனே, தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

ஆற்றின் பெயரை மட்டும் சொன்னாலும் போதாது. டீ என்ற ஆறு அபர்டீனில் கடலில் கலக்கிறது. தென்மேற்கே காலோவேயில் ஓடுவது வேறொரு டீ. வட எஸ்க், தென் எஸ்க் என்ற இணை ஆங்கஸ் பகுதியில் ஒன்றும் எடின்பரோவுக்குத் தெற்கே ஒன்றும் உண்டு. பின்னதில் இரண்டும் டால்கீத் அருகே கூடி ஒரே ஆறாகக் கடலுக்குப் போகின்றன, முன்னதில் தனித்தனியே போகின்றன. லோக் லெவனும் இரண்டு: கின்ராஸ் பக்கத்தில் உள்ளது நன்னீர் ஏரி, க்ளென்கோ பக்கத்தில் உள்ளது கடற்கழி.

ஊர்ப் பெயர்களில் மறைந்திருக்கும் சில சொற்களைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்வர், அபர் என்றால் ஆற்றின் முகத்துவாரம் அல்லது கூடுமிடம். கின் என்றால் தலைப்பகுதி, ஸ்ட்ராத் என்றால் அகன்ற பள்ளத்தாக்கு, க்ளென் என்றால் குறுகலானது. ஏரே ஆறு லோக் ஃபைனில் சேரும் இடம் இன்வரேரே. திருவையாறு என்ற பெயரைக் கேட்டதும் ஆறுகளை நினைக்கும் நமக்கு இது கடினமே இல்லை.

இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் யாராவது, பாரிஷ் கவுன்சிலுக்கு எழுது என்று சொன்னால் கேட்காதீர்கள். என் அத்தான் சொன்னதை நம்பி நான் ஒரு வாரம் தேடினேன். ஸ்காட்லாந்தில் பாரிஷ் கவுன்சில்கள் 1930-இலேயே கலைக்கப்பட்டுவிட்டன. எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பாரிஷ்கள் இன்று பழைய ஆவணங்களிலும் வரைபடங்களிலும் புள்ளிவிவரங்களிலும் மட்டுமே பெயராக இருக்கின்றன. தேவாலயத்தின் பாரிஷ் என்பது தனி. வீடு, குப்பை, பள்ளி எல்லாவற்றுக்கும் 32 கவுன்சில்களில் உங்களுடையது எதுவோ அதைத்தான் அணுக வேண்டும். ஊருக்குள் கம்யூனிட்டி கவுன்சில் என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதற்கு அதிகாரம் குறைவு, ஆனால் ஊரை அறிந்தவர்கள் அதில்தான் இருப்பார்கள். எனக்கு இப்போதைய அறையைத் தேடித் தந்தவர் அப்படிப்பட்ட ஒரு முதியவர்தான்.

போன மாதம் வேளாங்கண்ணியிலிருந்து ஒரு தம்பி இங்கே வேலைக்கு வந்தார். கிளம்புவதற்கு முன்பே கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதே எழுத்து மறுபடியும் விடுபட்டிருந்தது. பயணச்சீட்டை மாற்றச் சொல்லிவிட்டு, அவர் வந்த அன்று படகுத்துறைக்கு அருகே பேருந்துக்காகக் காத்திருந்தேன். இறங்கியதும் அவர் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, 'அக்கா, கடல் வாடை அடிக்குது' என்றார்.