மலாய் மொழியில் ‘நீங்க’ எங்கே இருக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற டவுனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு மலாய்ச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருடம் படித்திருக்கும். இருந்தும் கவுண்டரில் நின்று பேசினால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்குகிறது. இலக்கணம் தப்பினால் ‘மொழி வரவில்லை’ என்று பொறுத்துக்கொள்வார்கள். மரியாதை தப்பினால் ‘ஆள் சரியில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983-இல் இதை விளக்கி எழுதினார். சரளமாகப் பேசுகிறவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், ஏனென்றால் அவருக்கு மொழி தெரியாது என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

நாம் செய்கிற பெரிய தவறு, மலாயில் ‘நீங்க’ தேடுவது. தமிழில் மரியாதை வினையின் வாலில் தொங்குகிறது: வா, வாங்க. மலாய் வினைக்கு அந்த வால் கிடையாது. குழந்தை வந்தாலும் டத்தோ பட்டம் வாங்கியவர் வந்தாலும் வினை ‘டாத்தாங்’ (வருதல்) ஒன்றுதான். அங்கே மரியாதை உட்கார்ந்திருப்பது, ஆளை எப்படி விளிக்கிறோம் என்பதில். இது புரியாமல், முன்னிலைச் சொல்லான ‘அவாக்’கைப் பிடித்துக்கொள்கிறோம். அது ஒத்த வயதுக்காரர்களிடமும் இளையவர்களிடமும் புழங்கும் சொல். பெரியவரிடம் சொன்னால் ‘நீ’ என்று விழும். பாடநூல் ‘நீங்கள்’ என்று கற்றுத்தரும் ‘அண்டா’வும் உதவாது. அது விளம்பரத்துக்கும் பாரத்துக்கும் உரிய மொழி. நேரில் சொன்னால் அறிவிப்புப் பலகை பேசுகிற மாதிரி இருக்கும்.

எதிரில் இருப்பவரை விளிக்கும் சொல்லையே ‘நீங்க’ இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள்: “என்சிக் டா மக்கான்?” (ஐயா சாப்பிட்டாச்சா?) இது நமக்குப் புதிதல்ல. “அண்ணே சாப்டாச்சா?”, “டீச்சர் எப்ப வந்தீங்க?” என்று தமிழில் தினமும் பேசுகிறோம். மரியாதைக் கோட்பாட்டை 1987-இல் நூலாக வெளியிட்ட பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் ஒப்பிட்ட மூன்று மொழிகளில் கோயம்புத்தூர் வட்டாரத் தமிழும் ஒன்று. மரியாதை நுணுக்கம் நம்மிடம் நிறையவே உண்டு, அதை எங்கே வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறோம்.

முகவரி மாற்றும் பாரம் வாங்கப் போகிறீர்கள். “அவாக் அடா போராங்?” (உன்கிட்ட பாரம் இருக்கா?) என்றால் அதிகாரம். “காக், சாயா நாக் மிந்தா போராங் துக்கார் அலாமாட், போலே?” (அக்கா, முகவரி மாற்றும் பாரம் கேட்கணும், முடியுமா?) என்றால் வேலை நடக்கும். விளி முதலில், ‘மிந்தா’ (கேட்பது) நடுவில், ‘போலே’ (முடியுமா) கடைசியில். இந்த வரிசை பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

விளியிலும் வழுக்கும். அலுவலகத்தில் ஆணுக்கு என்சிக், பெண்ணுக்குப் புவான். இளம்பெண்ணுக்குத் திருமணம் ஆனதா என்று தெரியாவிட்டால் சிக். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் காக் (அக்கா), பாங் (அண்ணன்). முப்பது வயதுப் பெண்ணை ‘மாக்சிக்’ என்று அழைத்தால் வருத்தம்தான் மிஞ்சும். அம்மா வயதுக்காரருக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகும் ‘சிக்கு’தான். பெயர் சேர்த்து அழைப்பதானால், மலாய்ப் பெயரில் ‘இன்னாரின் மகன்’ என்று குறிக்கும் ‘பின்’னுக்கு முன்னால் இருக்கும் பெயரைச் சொல்லுங்கள், பின்னால் இருப்பது அவர் அப்பாவின் பெயர். கோலகங்சார் பக்கத்துப் பெரியவர்கள் ‘மிக்கே’ என்ற வட்டார முன்னிலைச் சொல்லால் உங்களை அழைப்பார்கள். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். நெருக்கம் வருமுன் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

அடுத்த குழப்பம் ‘தோலோங்’, ‘சிலா’. இரண்டுக்கும் ‘தயவுசெய்து’ என்று அகராதியில் பார்த்துவிட்டு மாற்றி மாற்றிப் போடுகிறோம். யாருக்கு நன்மை என்று கேளுங்கள். எனக்கு உதவி வேண்டும் என்றால் தோலோங்: “தோலோங் துத்துப் பிந்து” (கதவைச் சாத்துங்க). எதிராளியை உபசரித்தால் சிலா: “சிலா டுடுக்” (உட்காருங்க). அதிகாரியிடம் ‘சிலா’ போட்டுக் கையெழுத்துக் கேட்டால் நீங்கள் அவருக்கு உத்தரவு போடுவதாகிவிடும். விருந்தாளியிடம் “தோலோங் மக்கான்” என்றால் கெஞ்சல். அங்கே “ஜெம்புட் மக்கான்” (சாப்பிட வாங்க) என்பதே அழகு.

மறுப்பதில் நமக்கு அவசரம் அதிகம். ‘வேண்டாம்’ என்பதை அப்படியே “தா நாக்” ஆக்கினால் கதவைச் சாத்திய மாதிரி. “தாக் அபா, தெரிமா காசே, டா மக்கான் தாடி” (பரவாயில்லை, நன்றி, சற்று முன்தான் சாப்பிட்டேன்) என்று நன்றியும் காரணமும் சேர்த்துச் சொல்லுங்கள். மலாய் வீட்டில் இன்னும் நல்லது, ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொள்வது. “தெங்கோக்லா டூலு” என்று பதில் வந்தால், அது நம்முடைய ‘பார்க்கலாம்’தான், மறுநாள் போய் நச்சரிக்காதீர்கள். காதில் விழாதபோது வெறும் “அபா?” என்பது நம் ‘என்ன?’வைவிடக் கடுமை. “மாஃப், அபா டியா தாடி?” (மன்னிக்கணும், என்ன சொன்னீங்க?) என்று கேளுங்கள்.

சில சொற்களை மனப்பாடமே செய்யலாம். மனிதர் இறந்தால் ‘மெனிங்கால் டுனியா’, ‘மாத்தி’ விலங்குக்கு. மதிப்புக்குரியவரைப் பற்றி எழுதும்போது ‘அவன், அவள்’ எனப் பொருள்படும் ‘டியா’வுக்குப் பதில் ‘பெலியாவ்’. ஆளையோ இடத்தையோ காட்டும்போது சுட்டுவிரல் வேண்டாம், வலக்கைக் கட்டைவிரல். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்.

பழக ஒரு வழி: கிளினிக்கில் எண்ணுக்குக் காத்திருக்கும் அரைமணி நேரம் கைப்பேசியை வைத்துவிட்டு, கவுண்டருக்கு வருகிற மலாய்க்காரர்கள் முதலில் சொல்லும் வாக்கியத்தை மட்டும் கேளுங்கள். ஐந்து வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் விளிச்சொல் எங்கே வந்தது என்று கோடு போடுங்கள். உங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் அவற்றில் ஒன்றை எடுத்துப் பேசிப் பாருங்கள்.